சட்டைக்கையில் ஒரு வட்டம்

டொலீடோவில் நவம்பர்.
ஏரிக்காற்று பின்கதவைத் தட்டுவதில்லை, உதைக்கிறது.
நான் உள்ளே, வாஷிங் மெஷின் பக்கத்தில்,
இருபத்தெட்டுச் சட்டைகளின் வலக்கையிலிருந்து
லீகின் முத்திரையைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.
அந்த லீக் செப்டம்பரில் செத்துப்போனது.
சாவுச் செய்தி மின்னஞ்சலில் வந்தது,
அன்புள்ள பங்குதாரரே, என்று.

பிரித்த இடத்தில் ஒரு வட்டம்.
மூன்று கோடை வெயில் தொடாத நீலம்.

முதலாளி மெரிட் ஓபர்ஹாஸ்.
கார் கழுவும் நிலையங்கள் ஆறு, கால்பந்து அணி ஒன்று.
ஆறும் உழைத்து
ஏழாவதற்குச் சோறு போடுகின்றன.

திங்கட்கிழமை ஒருவர் வந்தார், ட்ரென்ட் வாண்டர்மோலன்.
பெரிய லீக். கெட்டி அட்டைக் கோப்பு.
நுழைவுக் கட்டணம் ஐம்பது லட்சம் டாலர்,
தவணை உண்டு.
ஐயாயிரம் இருக்கை வேண்டும் என்றார்.
எங்களிடம் இரண்டாயிரத்து முந்நூறு.
அதில் நாற்பதில் மார்ச் வரை பனிதான் உட்காரும்.
நூறு மைலுக்குள் வேறு யாரையும் விடமாட்டோம்
என்று சத்தியம் செய்தார்,
ஏதோ எல்லோரும் வரிசையில் நிற்பதுபோல.

புதன்கிழமை ஓடாலிஸ் ப்ரெனெக்கி.
சொந்தக் காரில், நானூறு மைல் தானே ஓட்டி.
கட்டணம் கிடையாது, ஒரு கிளப்புக்கு ஒரு ஓட்டு,
இது முதலாளிகளின் லீக் என்றாள்.
எத்தனை கிளப் இருக்கிறது?
ஏழு.
எட்டாவது யோசித்துக்கொண்டிருக்கிறது.
ஆக, ஏழரை.
நான் தலை நிமிராமல் நூலை அறுத்தேன்.

முன்பெல்லாம் போர் மாட்டில் தொடங்குமாம்.
இருட்டில் வந்து ஆநிரையை ஓட்டிப்போவான் ஒருவன்,
விடிந்ததும் மீட்க வருவான் இன்னொருவன்.
இங்கே கழுத்துமணி சத்தம் போடாமலிருக்க
ஃபோனை சைலண்டில் வைக்கிறார்கள்.
அக்டோபரில் ஃபோர்ட் வெய்ன் அப்படித்தான் போனது,
பயிற்சியாளருக்கே வானொலியில்தான் தெரிந்தது.
மாட்டிடம் யாரும் கேட்பதில்லை
எந்தத் தொழுவம் பிடிக்கும் என்று.

கேட்டது ஒருவன்தான், எங்கள் கோல்கீப்பர் டார்செட்.
பகலில் பார்சல் வண்டி ஓட்டுகிறவன்.
சீருடையோடு வந்து வாசலிலேயே நின்று
ஜனவரியில் சம்பளம் உண்டா என்றான்.
இரண்டு கோப்புகளையும் புரட்டிப் பார்த்தேன்.
ஒன்றில் ஒளிபரப்பு, ஒன்றில் ஜனநாயகம்.
ஜனவரி எதிலும் இல்லை.

வெள்ளி இரவு எதிர்ச்சாரி உணவகத்தில்
சூப் வாங்கப் போனேன்.
மூலை மேசையில் அவர்கள் இருவரும்,
வாண்டர்மோலனும் ப்ரெனெக்கியும்,
ஒரே தட்டில் உருளை வறுவல்.
ஆறு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தாளாம்,
பரிமாறும் பெண் சொன்னாள்.
கெட்சப் புட்டியை அவர் கவிழ்த்துத் தட்ட
அவள் சிரித்த சிரிப்பில் பகை ஒரு சொட்டும் இல்லை.
சூப் ஆறுகிறது என்று வந்துவிட்டேன்.
முதலாளியிடம் சொல்லவில்லை.

அவரே வந்தார், பதினொரு மணிக்கு.
இருவரும் விட்டுப்போன மாதிரி முத்திரைகளை
ஒரு சட்டையில், கைக்கொன்றாகக் குத்தச் சொன்னார்.
உள்ளே நுழைய மூச்சைப் பிடிக்கவேண்டியிருந்தது.
மெஷினின் வட்டக் கண்ணாடி முன் நின்று
இப்படியும் அப்படியும் திரும்பினார்.
எது எடுப்பாக இருக்கிறது, வில்மா?
நடுவில் இருப்பது, என்றேன்.
வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் வெகுநேரம் நின்றார்.
கழற்றும்போது ஒரு குண்டூசி குத்தி ரத்தம் வந்தது,
எந்தக் கையில் என்று நான் பார்க்கவில்லை.

காலையில் மேசைமேல் ஒரு சீட்டு,
இடது, என்று மட்டும்.

ஊசியை எடுத்தேன்.
புது முத்திரை பழையதைவிடச் சிறியது,
சுற்றிலும் ஒரு விரற்கடை கருநீலம் தெரிகிறது.
இருபத்தெட்டையும் தைத்தாயிற்று.
தளர்தையல்தான்.
ஒரு இழுப்பில் வந்துவிடும்.